இரண்டாவது ஊசி

1

எதிர்வீட்டு ஹெல்கா அம்மாள் நலமாகத் திரும்பி வந்துவிட்டார். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அவர் போனது மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு மருத்துவ விடுதிக்கு. எங்கள் நகரத்திலிருந்து ரயிலில் ஒரு காலைப் பொழுதில் போய்விடலாம். சினை ஆட்டை அறுத்து, வயிற்றில் இருக்கும் குட்டியின் உறுப்புகளிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து, உப்புநீரில் கலக்கி, மனிதர்களுக்கு ஊசியாகப் போடுகிறார்கள். மேற்கு ஜெர்மனியில் வசதியுள்ளவர்களிடையே இதற்கு நல்ல பெயர். மூட்டுவலி, மறதி, களைப்பு, கைநடுக்கம், மூப்பு எல்லாவற்றுக்கும் இதே ஆடுதான். ஆட்டின் ஈரல் உயிரணு நம் ஈரலுக்குப் போய்ச் சேரும், மூளை உயிரணு மூளைக்குப் போய்ச் சேரும் என்கிறார்கள். எந்த வழியாகப் போகும் என்று சொல்வதில்லை.

ஹெல்கா அம்மாள் போன ஆண்டு முதல் முறை போனார். இந்த வசந்தத்தில் இரண்டாம் முறை. கிளம்பும் முன் தபால்பெட்டிச் சாவியைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். "இரண்டாம் முறை வேண்டாம்" என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"முதல் முறை எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? ஒரு தும்மல்கூட வரவில்லை."

இதே பேச்சை, இதே சிரிப்போடு, போடிநாயக்கனூரில் கேட்டிருக்கிறேன். அங்கே தும்மலுக்குப் பதில் காய்ச்சல் என்றார்கள்.

இப்போது அவர் திரும்பிவிட்டார். கன்னம் சிவந்திருக்கிறது. மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறார். எனக்கு ஒரு பெட்டி சாக்லேட் கொடுத்துவிட்டு, "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்றார். என் மகள் கயல்விழி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் ஜெர்மனில் சொன்னாள்: "அப்பா, நீங்கள் பால் புட்டியையே போலீஸ் மாதிரி முகர்ந்து பார்க்கிற ஆள்."

நான் தமிழில் கேட்டேன்: "கெட்டுப்போன பால் எத்தனை தடவை கிடைச்சிருக்கு?"

அவள் ஜெர்மனிலேயே தோளைக் குலுக்கினாள். தோள் குலுக்குவதற்கும் மொழி உண்டு என்பது இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டது. பள்ளியில் அவள் பெயர் காயா. ழகரம் வாயில் வராத ஆசிரியை வைத்த பெயர். வீட்டுக்கு வரும் தோழிகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இப்போது நான் "கயல்" என்றால் ஒரு நொடி கழித்துத்தான் திரும்புகிறாள்.

2

போன ஆண்டு ஹெல்கா அம்மாளை அழைத்துவர நானும் அந்த விடுதிக்குப் போயிருந்தேன். மதுரையில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தவன் நான். இங்கே அச்சகத்தில் கட்டுக் கட்டும் வேலை. ஆனாலும் ஓர் இடத்துக்குப் போனால் வாசலை விட்டுவிட்டுக் கொல்லையைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

விடுதியின் முன்புறம் ரோஜாச் செடிகள். பின்புறம் புல்வெளியில் ஆடுகள். கறுத்த முகம், வெள்ளை உடம்பு, நல்ல வளப்பம். அவற்றுக்கு நோய் இல்லை என்று சான்று இருக்கிறது என்றார் வரவேற்பறைப் பெண். மருத்துவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே வந்தார். பக்க விளைவுகள் உண்டா என்று கேட்டேன்.

"சிலருக்கு லேசான காய்ச்சல். படுத்திருந்தால் போய்விடும்."

"வீட்டுக்குப் போன பிறகு?"

"குணமானவர்கள் நன்றிக் கடிதம் எழுதுகிறார்கள்."

"குணமாகாதவர்கள்?"

"அவர்கள் எழுதுவதில்லை" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அது அவருக்கு நியாயமான பதிலாகவே இருந்தது.

பிறகு இரண்டு அலுவலகங்களில் விசாரித்தேன். முதல் அலுவலகத்தில் "குறை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "குற்றம்" என்பதற்கான ஜெர்மன் சொல் வாயில் வந்துவிட்டது. அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்து என் கடவுச்சீட்டைக் கேட்டார். அதைத் திருப்பித் தரும்போது வழக்கமான கேள்வியும் வந்தது. என் பெயருக்குப் பின்னால் என் தகப்பனார் பெயர், மனைவி ரோஸ்லின் பெயருக்குப் பின்னால் அவள் தகப்பனார் பெயர், மகள் பெயருக்குப் பின்னால் என் பெயர். மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர். "நீங்கள் மூவரும் உறவினர்களா?" வந்த நாள் முதல் இந்த நாட்டுக்கு நாங்கள் உறவினர்கள் என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது அலுவலகத்தில் பதில் கிடைத்தது. மருத்துவர் தம் கையால் தயாரித்துத் தம் நோயாளிக்கே போடுவதால் அது கடையில் விற்கும் மருந்து ஆகாதாம். அதனால் அது அவர்கள் பிரிவில் வராதாம்.

"எந்தப் பிரிவில் வரும்?"

அவர் சற்று யோசித்தார். "அப்படி ஒரு பிரிவு இல்லை."

எங்கள் கட்டடத்தில் வளரும் நாய்க்குக்கூட நகராட்சியில் பதிவு இருக்கிறது. கழுத்தில் தகடு தொங்குகிறது. ஆட்டின் உயிரணு மனித உடம்புக்குள் போனதற்கு நான் கேட்ட இடங்களில் பதிவு இல்லை.

3

எழுபதுகளின் கடைசியில், பொங்கல் முடிந்த கையோடு, விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தோம். எனக்குச் சொந்த ஊர் சிலமலை. அக்கா ராசாத்தியைக் கொடுத்தது போடியில். மச்சான் சங்கரலிங்கம் ஏலக்காய் வியாபாரி.

அந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூட்டையின் வாயில் இருக்கும் காயைப் போடி வியாபாரி பார்ப்பதே இல்லை. வாயில் வைக்கிற காய் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். முழங்கைவரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் பரப்பி, லேசாக எறிந்து பிடித்துக் கனம் பார்ப்பார். ஒரு காயை உரித்து, அரிசி என்று சொல்லும் உள்விதையைக் கடிப்பார். அந்தப் பிடிக்கு மாதிரி என்று பெயர். மாதிரி சரியென்றால் மூட்டை சரி. மூட்டை சரியென்றால் அந்தத் தோட்டத்துச் சரக்கே சரி. பஜாரில் மச்சானின் உள்ளங்கைக்குத் தனி மரியாதை இருந்தது. அவர் எறிந்து பிடித்துவிட்டுத் தலையாட்டினால் பக்கத்தில் இருப்பவர் தன் பங்குக்குக் கையை விடமாட்டார்.

அந்தக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

நாங்கள் போய் இறங்கிய அன்றே பார்த்தேன். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். தோள் துண்டை வலது மணிக்கட்டில் சுற்றி, அதன் முனையை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பஜாரில் யாருக்கும் தெரியாது. எறிந்த காய் சிதறினால் அந்த வியாபாரியிடம் யார் மாதிரி கொடுப்பார்கள்?

"முழங்கால் வலின்னு சொல்லி வச்சிருக்கேன் மாப்ளே" என்றார். "அதுக்குத்தான் ஊசி போடுறேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காய்ங்க."

"என்ன ஊசி?"

"உங்க ஊரு ஊசிதான்! ஆட்டுக்குட்டி ஊசி. ஜெர்மனிக்காரன் கண்டுபுடிச்சது. நீ அங்கன இருந்துக்கிட்டு இதக்கூட எழுதிச் சொல்லல. மதுரையிலருந்து ஒரு டாக்டர் வந்து சொல்ல வேண்டியிருக்கு."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் மாடியறை எடுத்து ஒருவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். போடி வெயிலிலும் கோட்டைக் கழற்றாததால் கோட்டு டாக்டர் என்று பெயர். தீபாவளி சமயத்தில் வந்து முதல் ஊசி போட்டிருக்கிறார். அப்போது நாலைந்து வியாபாரிகள் கூடிப் பேசியிருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர், மூட்டுவலிக்காரர், வயது போய்விட்டதே என்று வருந்துகிறவர். யாருக்கும் முதலில் கையை நீட்டத் துணிச்சல் இல்லை. கடைசியில் வழக்கமான யோசனைதான் வந்திருக்கிறது. ஒரு மாதிரி பார்த்துவிடுவோம். சங்கரலிங்கம் அண்ணன் போட்டுக்கொள்ளட்டும், அவருக்குச் சரியாக இருந்தால் எல்லோருக்கும் சரி.

மச்சான் போட்டுக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள்.

இரண்டாவது ஊசிக்கு அந்த வாரம் நாள் குறித்திருந்தது.

நான் கோட்டு டாக்டரைப் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு வந்த மகிழ்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை. மருந்துக் குப்பிகளைத் தெர்மாஸ் பிளாஸ்கில் பஞ்சு சுற்றி வைத்திருந்தார். ஐஸ் எப்போதோ கரைந்து தண்ணீராகியிருந்தது. ஒரு குப்பியின் ஒட்டுத்தாளில் மை விரலில் ஒட்டியது.

"இதுக்கு முன்னாடி எந்த ஊர்ல போட்டீங்க?"

"பல ஊர்ல, சார்."

"அவங்கள்ல யாரையாவது நான் பாக்கலாமா?"

"உங்க நாட்டு மருந்து. நீங்களே இப்பிடிக் கேக்கலாமா சார்?"

கீழே இறங்கும்போது லாட்ஜ்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். "சங்கரலிங்கத்தோட மச்சினன் ஜெர்மனியில இருக்காரு, அவரு விசாரிக்காமயா இவரு போட்டிருப்பாரு" என்று கோட்டு டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் விசாரிக்காத மருந்துக்கு நான் சாட்சியாகியிருந்தேன்.

4

ரோஸ்லின் மருத்துவமனைத் தாதி. அவள் வேலைக்காகத்தான் நாங்கள் ஜெர்மனிக்கே போனோம். அவள் தகப்பனார் கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டில் மளிகைக்கடை வைத்திருந்தார். தமிழில் பேச ஆரம்பித்து மலையாளத்தில் கோபப்படும் வீடு. அன்று அடுக்களையில் அக்காவோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் குப்பிகளைப் பற்றிச் சொன்னேன்.

"அசலா போலியான்னு கேக்கறதே வேண்டாம்" என்றாள். "அசலா இருந்தாலும் ஆடு ஆடுதானே?"

பிறகு அக்காவிடம் திரும்பினாள். "மதினி, மொத ஊசிக்கு அப்புறம் அண்ணனுக்கு ஒண்ணுமே ஆகலயா?"

"ஒண்ணும் ஆகல ஆத்தா. காய்ச்சல்கூட இல்ல." அக்கா கத்தியை நிறுத்தினாள். "ஒரு வாரம் கழிச்சுத்தான் உடம்பெல்லாம் தடிச்சு தடிச்சுக் கெடந்துச்சு. மூட்டெல்லாம் நோவுதுன்னாக. சூட்டுக்கட்டின்னு வெளக்கெண்ண தேச்சு விட்டேன். போயிருச்சு."

"யாருகிட்டயாவது சொன்னாரா?"

"எங்கிட்டயே சொல்லல. முதுகு எட்டலன்னுதான் கூப்புட்டாக."

ரோஸ்லின் கையைக் கழுவிவிட்டு நேரே முன்கூடத்துக்குப் போனாள். நானும் போனேன். மச்சான் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"அண்ணே, ரெண்டாவது ஊசி வேண்டாம்."

"ஏந்தங்கச்சி? மொத ஊசி சுத்தமா இருந்துச்சு. மாதிரி நல்லாருக்கு. பெறகு மூட்டைய எதுக்கு வேணாங்கணும்?"

"மூட்டையில நீங்க கை விட்டா மூட்டைக்கு ஒண்ணும் தெரியாது. உடம்புக்குத் தெரியும். மொத ஊசியில உடம்பு அதப் பாத்து வச்சுக்கிடும். இது நம்ம ஆளு இல்லன்னு. ரெண்டாவது தடவ வந்தா அடையாளங் கண்டு அடிக்கும். அந்த அடியில உங்க உசுருதான் போகும்."

"ஆட்டுக்கறி திங்கிறேன். ஒண்ணும் அடிக்கலையே?"

"வயித்துக்குப் போறது வேற, ரத்தத்துக்குப் போறது வேற. மேட்டுல எங்க அப்பச்சன் கடைக்குப் பக்கத்துல ஒரு ஆளக் குளவி கொட்டுச்சு. வீங்குச்சு, வத்துச்சு, சிரிச்சுக்கிட்டே வேலைக்குப் போனான். அடுத்த வருசம் அதே குளவி. தோட்டத்துலருந்து ஜீப்புல எறக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. மொதத் தடவ ஒண்ணும் ஆகலங்கிறது சாட்சி இல்லண்ணே."

ஜெர்மனியில் அவளுடைய வார்டுக்கு அப்படி ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை வந்திருந்ததையும் சொன்னாள். இரண்டாவது முறை உயிரணு ஊசி போட்டுக்கொண்டவர். தொண்டை அடைத்து, முகம் வீங்கி, ரத்த அழுத்தம் இறங்கி வந்தார். பிழைத்தார். ஆனால் ஊசி போட்ட விடுதியின் கணக்கில் அவர் குணமாகிப் போனதாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர் மறுபடி அங்கே போகவில்லை.

மேசையிலிருந்த தட்டில் நாலைந்து ஏலக்காய் கிடந்தன. மச்சான் ஒன்றை எடுக்கப் போய், எடுக்காமல் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"நடுக்கம் கொறஞ்சிருக்கு மாப்ளே" என்றார் என்னைப் பார்த்து. "பாதியாக் கொறஞ்சிருக்கு."

குறையவில்லை. டம்ளரின் விளிம்பு பல்லில் படும் சத்தத்தைக் காலையில் கேட்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

"நீ பேப்பர்காரன். குத்தந்தான் ஒனக்குத் தெரியும்."

"குத்தம் இருக்கறதாலதான் தெரியுது மச்சான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "என் சொல்ல நம்பி நாலு பேரு போட்டிருக்காய்ங்க. இப்ப நான் மட்டும் எந்திரிச்சுப் போனா, ஏன்னு கேப்பாய்ங்க. எதுக்காகப் போட்டேன்னு கேப்பாய்ங்க. சொல்லச் சொல்றியா? இந்தக் கைய வச்சுத்தான் இந்த வீடு நிக்கிது. இது ஒருவாட்டி குணமானாப் போதும். நான் போட்டுக்கிறேன். எனக்கு ஒண்ணுன்னா அவிய்ங்க போட்டுக்க மாட்டாய்ங்க. மாதிரின்னா அதுதான?"

அக்கா கதவோரமாக நின்றிருந்தாள். "எந்த மூட்டைக்காவது பொண்டாட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

5

இதைக் கயலுக்கு இந்த வாரம்தான் முழுதாகச் சொன்னேன். ஹெல்கா அம்மாளின் சாக்லேட்டைப் பிரித்துத் தின்றுகொண்டே கேட்டாள். உயிரியல் அவளுக்குப் பிடித்த பாடம். அவள் ஜெர்மனில் கேட்க, நான் தமிழில் பதில் சொல்ல, இடையில் ரோஸ்லின் இரண்டிலும் எங்களைத் திட்டுவாள். எங்கள் வீட்டில் உரையாடல் என்றால் இதுதான்.

"அப்படியானால் புதிய மருந்து எதுவுமே வரக்கூடாதா?" என்றாள். "யாராவது முதலில் போட்டுக்கொண்டுதானே ஆக வேண்டும்?"

நல்ல கேள்வி. ரோஸ்லினே பதில் சொன்னாள். பெரிய மருத்துவமனைகளில் இப்போது எலும்பு மஜ்ஜையை மாற்றி வைக்கிறார்கள். ரத்தம் ஊறுகிற மூல உயிரணுக்கள் அதில் இருக்கின்றன. ரத்தப் புற்று வந்தவனுக்குக் கூடப்பிறந்தவனின் மஜ்ஜையைக் கொடுக்கிறார்கள்.

"கூடப்பிறந்தவன் மஜ்ஜையே உள்ள போய்ச் சண்டை போடுது, தெரியுமா?" என்றாள். "போன இடத்த அதுக்குப் பிடிக்கல. தோல உரிக்குது, ஈரலத் தாக்குது, வயித்துப்போக்குல ஆள உருக்குது. சிலபேர் பொழைக்கிறாங்க, சிலபேர் இல்ல. ஆனா அங்க செத்தவங்களையும் எண்ணுறாங்க. எப்பிடிச் செத்தாங்கன்னு எழுதுறாங்க. கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி நோயாளிகிட்ட அதச் சொல்றாங்க."

"அப்போது வித்தியாசம் மருந்தில் இல்லையா?"

"மருந்துலயும் இருக்கு. ஆனா மொத வித்தியாசம் அதுதான். கெட்டது நடந்தா யாரு வெளியில வந்து சொல்றது?"

கயல் என்னைப் பார்த்தாள். "மாமா சொன்னாரா?" என்றாள். தமிழில் கேட்டாள். அவள் எப்போது மொழி மாறுகிறாள் என்பதற்கு எனக்கு இன்னும் விதி பிடிபடவில்லை.

6

குறித்த நாளில் மச்சான் லாட்ஜுக்குப் போனார், நானும் ரோஸ்லினும் கூடப் போனோம். தடுக்க முடியாது என்று தெரிந்ததும் ரோஸ்லின் வேறு வேலையில் இறங்கியிருந்தாள். பஜாரில் நீண்ட காலமாக மருத்துவம் பார்க்கும் எங்கள் குடும்ப டாக்டரிடம் பேசி, உடம்பு மருந்தை எதிர்த்து அடித்தால் உயிர் காக்கப் போடும் அட்ரினலினையும் கொதிக்க வைத்த சிரிஞ்சையும் வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஆபத்தென்றால் உடனே ஆள் அனுப்பும்படி அவரும் சொல்லியிருந்தார்.

மாடியில் இரண்டு அறைகள். முன்னறை பெஞ்சில் நான்கு வியாபாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். பஜாரில் பலசரக்கு மொத்தக்கடை வைத்திருந்த தேவராஜ்தான் அவர்களில் பேச்சுக்காரர். சர்க்கரை வியாதி. சட்டையின் வலது கையை அப்போதே சுருட்டி மேலேற்றியிருந்தார்.

"அண்ணே, வெரசா போட்டுக்கிட்டு வாங்க. எனக்கு லோடு வருது" என்றார் மச்சானிடம். "முழங்கால் செரியாகி ஓட்டப் பந்தயத்துக்குப் போயிராதீய."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார்.

உள்ளறைக்கு ரோஸ்லினும் நானும் வரக்கூடாது என்றார் கோட்டு டாக்டர். "அப்ப நான் போட்டுக்கல" என்றார் மச்சான். வேறு வழியில்லாமல் கோட்டு டாக்டர் எங்களையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

ஊசி உள்ளே போனது. கோட்டு டாக்டர் பஞ்சால் தேய்த்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றார். மச்சான் வேட்டியைச் சரிசெய்துகொண்டே என்னிடம், "என்னமோ உள்ளங்கை அரிக்கிது மாப்ளே" என்றார். கழுத்தில் சிவப்பு ஏறியது. உதடு தடித்தது. ஏதோ சொல்ல வந்தார், குரல் விசில் மாதிரி வந்தது. கட்டிலில் உட்காரப் போனவர் சரிந்தார்.

ரோஸ்லின் கைப்பையைத் திறந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவர் புஜத்தில் ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. "காலத் தூக்கிப் பிடிங்க" என்று என்னிடம் சொன்னாள். பிடித்தேன். கோட்டு டாக்டர் சுவரோரமாகத் தெர்மாஸ் பிளாஸ்கை அணைத்துக்கொண்டு நின்றார். நாடியைப் பிடித்தபடி ரோஸ்லின் மலையாளத்தில் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை மருந்து போட்டாள். முகத்தில் சாம்பல் நிறம் மெல்ல விலகியது. மூச்சு இழுத்து இழுத்து, பிறகு இழுக்காமல் வந்தது.

அவர் கண் திறந்ததும் கோட்டு டாக்டருக்கும் தெம்பு வந்தது.

"பயப்படாதீங்க. வீரியமான மருந்து. வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். நாங்கள் நிமிர்வதற்குள் கதவைத் திறந்து முன்னறைக்குப் போய்விட்டார். அவர் பேசியது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. "காலையில சாப்புடாம வந்திருக்காரு. லேசா மயக்கம். வேற ஒண்ணுமில்ல. அடுத்து யாரு, நீங்களா? வாங்க."

பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

நான் வெளியே ஓடிச் சொன்னேன். போடாதீர்கள், இப்போது உள்ளே சாகப் பார்த்தார் என்றேன். தேவராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீங்க வந்த நாள்லருந்தே வேணாம்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கீய. உங்க அக்கா வீட்டுக்காரருக்கு முழங்கால் நல்லாயிருச்சு. எங்களுக்கு ஆனா மட்டும் பொறுக்கலையா?"

"மயக்கந்தான், ஒண்ணுமில்ல" என்றார் கோட்டு டாக்டர் மறுபடியும்.

அப்போது உள்ளறைக் கதவில் மச்சான் நின்றார். படுத்திருக்கச் சொல்லி ரோஸ்லின் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு இன்னும் வீங்கியிருந்தது. துண்டு உள்ளேயே விழுந்து கிடந்தது. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தேவராசு, போடாத."

"என்னண்ணே, மயக்கமாமுல்ல?"

"மயக்கமில்ல. போயிட்டேன். இந்தப் புள்ள இழுத்துக் கொண்டாந்துருக்கு."

கோட்டு டாக்டர் சிரித்தார். "மருந்து உடம்புல பிடிக்கிறப்ப அப்பிடித்தான் தோணும். மொத ஊசியில முழங்கால் வலி போனது இவருக்கே தெரியும். நீங்களே சொல்லுங்க சார், வலி கொறஞ்சுதா இல்லையா?"

மச்சான் அவரைப் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்த நால்வரையும் பார்த்தார். ஏலக்காய் ஏலத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற ஆட்கள். இந்த நால்வரில் யாராவது ஒருவர் நாளைக் காலை வாய் திறந்தால், மதியத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும்.

அவர் நிலையிலிருந்து வலது கையை எடுத்து முன்னால் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அது ஆடியது. அட்ரினலினும் சேர்ந்து இன்னும் மோசமாக ஆடியது. அவர் அதை மறைக்கவும் இல்லை, இன்னொரு கையால் பிடிக்கவும் இல்லை.

"முழங்கால் வலின்னு சொன்னது பொய்யி" என்றார். "எனக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்ல. இதுக்குத்தான் போட்டேன். ஒரு வருசமா இப்பிடித்தான் ஆடுது. மொத ஊசியிலயும் கொறையல. ஒரு வாரங்கழிச்சு ஒடம்பெல்லாம் தடிச்சுச்சு, அதையும் உங்ககிட்டச் சொல்லல. இன்னைக்கு உசுரு போகப் பாத்துச்சு. இப்பச் சொல்லிட்டேன். இதுக்கு மேல போடுறவன் போட்டுக்க."

கோட்டு டாக்டர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மூட்டுவலிக்காரர் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர் பின்னால் இன்னும் இருவர், ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனார்கள்.

தேவராஜ் மட்டும் பெஞ்சில் இருந்தார். நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுருட்டிய சட்டைக் கையை மெதுவாக இறக்கி, மணிக்கட்டில் பித்தானைப் போட்டார். எழுந்து மச்சான் அருகில் வந்தார்.

"படி செங்குத்தா இருக்குண்ணே" என்றார். "கையக் குடுங்க."